அம்சவல்லியும் வேண்டாத பொட்டாசியமும்

அம்சவல்லி அக்காவுக்கு ‘இருக்கலாம்’ என்ற சொல்லே பிடிக்காது. இருக்கிறது, இல்லை, பார்த்துச் சொல்கிறேன். இந்த மூன்றில் ஒன்றுதான் அவர் வாயிலிருந்து வரும். விருத்தாசலத்துப் பீங்கான் ஆய்வுக்கூடம் ஒன்றில் பதினான்கு வருஷம் களிமண்ணையும் ஃபெல்ஸ்பார் கல்தூளையும் சோதித்துவிட்டு, எங்கள் கல்லூரியின் உயிர்வேதியியல் கூடத்துக்கு உதவியாளராக வந்தவர். நான் அங்கே ஆராய்ச்சி மாணவி. வந்த முதல் வாரமே என் அலமாரியைத் திறந்து பார்த்து, இது ஆராய்ச்சியா காயலான் கடையா என்று கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் அடுக்கி முடித்ததும் போய்விட்டது.

என் ஆராய்ச்சி நான்கு இழை டிஎன்ஏ பற்றியது. டிஎன்ஏ என்றால் இரண்டு இழைகள் முறுக்கிய ஏணி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானின் கொத்துக் கொத்தாக வரும் இடங்களில், ஒற்றை இழையே தன்மேல் மடிந்து, நான்கு கால் பந்தல் மாதிரி நின்றுவிடும். நடுவில் பொட்டாசியம் உட்கார்ந்தால் பந்தல் உறுதி. லித்தியத்துக்கு அந்த இடம் ஒத்துவராது. இந்த மடிப்பைத் தேடிப்போய்ப் பிடிக்கும் புரதங்கள் நம் செல்லுக்குள் உண்டு. அவற்றில் ஒன்று மடிந்த இழையை மட்டுமே பிடிக்கும், மடியாததைத் தொடாது என்பது என் கட்சி.

அதற்கு இரண்டு கரைசல் வேண்டும். பொட்டாசியம் போட்டதில் இழை மடியும், லித்தியம் போட்டதில் மடியாது. இரண்டையும் தயாரித்துத் தந்தது அக்காதான். ஆறு மாதமாகப் புரதம் இரண்டிலும் ஒரே மாதிரி போய் ஒட்டிக்கொண்டது. கடைசியில் இழையின் மடிப்பைக் காட்டும் ஒளிக்கருவியில் வைத்துப் பார்த்தால், லித்தியக் கரைசலிலும் இழை அழகாக மடிந்து நிற்கிறது.

நான் யோசிக்கவே இல்லை. அக்கா டியூப்களை மாற்றி வைத்துவிட்டார் என்று என் வழிகாட்டி பானுமதி மேடத்திடம் போய்ச் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து அவரை அலுவலகத்துக்கு அனுப்பிவிடலாம், வருகைப் பதிவேடு பார்க்கட்டும் என்றார் மேடம். கருவிகளோடு வாழ்ந்த மனுஷிக்கு அது தண்டனை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தடுக்கவில்லை.

அக்கா அழவும் இல்லை, சண்டைக்கும் வரவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பொட்டாசியம் இல்லாமல் இப்படி மடியுமா? மடியாது என்றேன்.

“அப்ப உள்ள பொட்டாசியம் இருக்குது. எங்கேர்ந்து வந்துச்சின்னு பாத்துட்டு வரேன்.”

மூன்று பிளாஸ்டிக் குப்பிகளோடு தன் பழைய ஆய்வுக்கூடத்துக்குப் போனார். ஒன்றில் நாங்கள் பயன்படுத்தும் தண்ணீர், ஒன்றில் புது லித்திய உப்பைக் கரைத்தது, ஒன்றில் தயாரித்து முடித்த லித்தியக் கரைசல். ஃபெல்ஸ்பாரில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்க அங்கே ஒரு கருவி உண்டு. கரைசலைத் தீச்சுடரில் தெளித்து, சுடரின் ஒளியை அளந்து சொல்லும். தண்ணீர் சுத்தம். உப்பும் சுத்தம். முடித்த கரைசலில் மட்டும் பொட்டாசியம் அள்ளிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை மேடத்தின் அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“நான் டியூப்ப மாத்தல மேடம். ஆனா பொட்டாசியம் உள்ள போனது எங் கையாலதான். ஆறு மாசமும் நாந்தான்.”

கரைசலின் அமிலத்தன்மையைப் பார்க்க ஒரு கண்ணாடிக் கோலை அதற்குள் விடுவோம். அந்தக் கோலுக்குள் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. நுனியில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளை வழியாக அது கசிந்துகொண்டே இருக்கும். பீங்கான் வேலையில் களிமண் கூழுக்குள் கோலை விட்டால் கருவி காட்டும் எண் நிலைக்க வெகுநேரம் ஆகும். விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவார்கள். அதே பழக்கத்தில் அக்கா இங்கேயும் கோலைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். கோல் படாமல் ஒன்று, சாப்பாட்டு நேரம் முழுக்கக் கோல் கிடந்த ஒன்று எனப் புதிதாகச் செய்து, இரண்டையும் அளந்து, தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். கோல் கிடந்ததில் மட்டும் பொட்டாசியம். இனிமேல் சின்னக் குப்பியில் கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிட்டு, அதைக் கொட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் என்றார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கோலுக்குள் என்ன இருக்கிறது என்று நானும் படித்தவள்தான். அவர் உப்பு விற்ற கம்பெனி மேல் பழியைப் போட்டிருந்தால் நாங்கள் அப்படியே நம்பியிருப்போம். அக்காவுக்கும் அது தெரியும்.

அவரை வெளியே அனுப்பிவிட்டு மேடம் என்னைப் பார்த்தார். ஆறு மாத வேலை வீண், வேறு ஆள் போடட்டுமா என்று கேட்டார். தன் தப்பைத் தானே தேடிப்போய்க் கண்டுபிடித்து, அளந்து எழுதிக் கையில் கொடுக்கிற இன்னொரு ஆளுக்கு நான் எங்கே போவது? வேண்டாம் என்றேன். டியூப் மாறியது என்று நான் சொன்னது பொய், வெறும் ஊகம் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்ல நான் இரண்டு முறை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அக்காவுக்கு மட்டும் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று தெரியவில்லை.

புது லித்தியக் கரைசலில் இழை மடியவில்லை. புரதம் அதைச் சீண்டக்கூட இல்லை. நான் துள்ளிக் குதித்தேன். அக்கா கருவியின் பக்கமே திரும்பவில்லை.

“இன்னும் ரெண்டு தடவ செஞ்சி பாரு. அப்புறம் நம்பலாம்.”