புக்கையும் புழுக்கையும்

படுவான்கரையில் எங்கள் வீட்டுக் குசினியில் அப்போது இரண்டு ஆட்டுக்குட்டிகள் இருந்தன. தாயாடு வட்டை வயல் பக்கம் மேயப்போன அன்றுதான் ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆடும் திரும்பவில்லை, அவர்கள் பிடித்துக்கொண்டு போன என் வீட்டுக்காரரும் திரும்பவில்லை. வெளியில் கட்டினால் குட்டிகளும் போய்விடும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து வைத்துக்கொண்டோம். சமைக்கிற இடத்தில் ஆட்டு மொச்சை நாற்றம். சீ என்றிருக்கும். வேறென்ன செய்வது?

கறுப்புக் குட்டி எங்களுக்கு, வெள்ளைக் குட்டி அம்மனுக்கு. வீட்டுக்காரரின் தாய், என் மாமி, அதன் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டி, "என்ட புள்ள உசிரோட வந்தா இத உன்ட வாசல்ல கொண்டு வந்து விடுறன் தாயே" என்று நேர்ந்துவிட்டார். அன்றோடு அது ஆடில்லை, சாமி. வெள்ளிக்கிழமைகளில் மாமி புக்கை படைப்பார். பொங்கலை நாங்கள் புக்கை என்போம். முதல் கவளம் வெள்ளைக்குத்தான். பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் பிடிபட்டுப்போன பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களும் வந்து கும்பிட்டு, ஆளுக்கொரு பிடி அதன் வாயில் வைத்துவிட்டுப் போனார்கள்.

நான் சொல்லாமல் இல்லை. "மாமி, ஆட்டுக்குக் குழைதான் சாப்பாடு. சோறு வயித்துக்க கிடந்து புளிச்சா ஊதிப்போகும்."

"அம்மாள்ட குட்டிக்கு நீ கணக்குப் பாக்கிறியா புள்ள?" என்று முறைத்தார் மாமி.

கறுப்பு கிடைத்த பூவரசங்குழையைத் தின்றுவிட்டுத் துள்ளித் திரிந்தது. அதை ஒருவரும் கும்பிடவில்லை. கொடுத்துவைத்த குட்டி.

ஒரு நாள் ஊரடங்கு. மத்தியானம் பார்த்தால் வெள்ளை சாக்கில் சாய்ந்து கிடந்து பல்லை நறநறவென்று கடிக்கிறது. இடப்பக்க வயிறு வீங்கி, தட்டினால் மேளச் சத்தம். மாமி அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, அவனுக்கு என்னவோ நடந்திட்டுது. அம்மாள் காட்டிறா" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு நேர்த்திகளில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயம்தான் கோபமாக வந்தது.

"வாய மூடுங்க மாமி! அவருக்கு ஒண்டும் நடக்கல்ல. இது உங்கட புக்கை செய்த வேலை. அப்பச்சோடாவ எடுங்க!"

அப்பத்துக்குப் போடுகிற அந்தச் சோடாவை இளஞ்சூட்டு நீரில் கரைத்து, புரையேறாதபடி கடைவாயால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். முன்னங்கால்களை என் மடியில் தூக்கி வைத்து வயிற்றைத் தேய்த்தேன். மாமி தலையைப் பிடித்துக்கொண்டு அம்மனை முணுமுணுத்தார். கை விறைத்துப்போகும் வரை தேய்த்த பிறகு, என் முகத்துக்கு நேரே விட்டதே ஒரு ஏப்பம்! புளித்த நாற்றம். அதைவிட நல்ல வாசனையை நான் முகர்ந்ததில்லை.

வீக்கம் வற்றியது, கழிச்சல் தொடங்கியது. உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர் மட்டும் கொடுத்தோம். "ஒரு பருக்கை சோறும் போகப்படாது மாமி. புழுக்கை உருண்டையா விழுந்தாத்தான் தப்பினது" என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்.

பிறகு ஒரு காலை நான் கிணற்றடியில் நிற்கிறேன். குசினிக்குள்ளிருந்து மாமி கத்துகிறார்: "புள்ள, சுறுக்கா ஓடி வா! புளுக்கை போட்டாச்சு!"

என் காதில் விழுந்தது புக்கை. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். "சொல்லிச் சொல்லி என்ட வாய் வலிக்குது, திரும்பவும் புக்கையா? அதக் கொல்லத்தான் போறீங்களா?"

மாமி உள்ளங்கையை நீட்டினார். திருநீறு வாங்குகிற அந்தக் கையில் உருண்டை உருண்டையாக, கறுப்பாக, கெட்டியான புழுக்கைகள். "புக்கை இல்ல மகள், புளுக்கை" என்றார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியதென்று தெரியாது. என் வீட்டுக்காரரைக் கொண்டு போன நாளிலிருந்து ஆளுக்கொரு மூலையில் ஒளித்து ஒளித்து அழுதவர்கள், அன்றுதான் ஒன்றாக அழுதோம். மனது எவ்வளவோ லேசாகிவிட்டது.

மாரி மழை தொடங்குமுன் அவரை விட்டார்கள். படலையைத் திறந்துகொண்டு வந்தவரை முதலில் எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. கன்னம் அவ்வளவு ஒட்டியிருந்தது. மாமி மகனைக் கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் நேரே அடுப்படிக்குப் போய்ப் பால் விட்டுப் புக்கை பொங்கினார். சோற்றுக் கோப்பையில் குவித்து வைத்தார். வீட்டுக்காரர் கை வைத்தார். பெற்ற தாயிடம் இந்த நேரத்தில் இதை எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டு நின்றேன்.

வாய் திறக்குமுன் மாமியே குனிந்து பாதியை அள்ளிப் பானையில் திரும்பப் போட்டார். "கொஞ்சம் கொஞ்சமாத் தின்னு மனே. காஞ்சு கிடந்த வயிறு."

அவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, மஞ்சள் துணியும் கழுத்துமாக வெள்ளை எழுந்து வந்து அவருடைய கோப்பைக்குள் மூக்கை நீட்டியது.

"ஏய்!" என்று மாமியும் நானும் ஒன்றாகக் கத்தினோம்.