நிர்வாகம் பொறுப்பல்ல

இன்று காலை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருக்கும் பைக் ஸ்டாண்டில் வண்டியை விடப் போனேன். ஸ்டாண்டை நடத்தும் செல்வி அக்கா போனும் கையுமாகக் கொதித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊர் குரூப்புல எவனோ என் ஸ்டாண்டுல ஹெல்மெட் களவு போவுதுன்னு போட்டிருக்கான் தம்பி. அம்புட்டும் பொய். அத எடுக்கச் சொல்லி அந்த ஆப் நடத்துத கம்பெனிக்கு எழுதினா, முடியாதுங்கான். வண்டி விட வாரவங்க பாதியாக் குறைஞ்சாச்சு."

எனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னேன். "ஆளுங்க போடுததுக்குக் கம்பெனி பொறுப்பு இல்லக்கா. கோர்ட்டு உத்தரவு வந்தாத்தான் எடுத்தாகணும்."

"அது எப்படி? இடம் அவனோடதுதான? இடத்த வச்சுச் சம்பாதிக்கவன் பொறுப்பு இல்லம்பானா?"

நான் அவர் தலைக்கு மேலே இருந்த போர்டைப் பார்த்தேன்.

'ஹெல்மெட் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.'

அக்காவும் திரும்பிப் பார்த்தார்.

"சரி, நானும் அப்படித்தான் எழுதிப் போட்டிருக்கேன்" என்றார் பிறகு. "ஆனா நீ விட்டுட்டுப் போற ஹெல்மெட்ட நான் வீடு வீடாக் கொண்டு போய்க் காட்டுதேனா? அந்தக் கம்பெனிக்காரன் காட்டுதான! சேத்தூர்ல எங்க சம்பந்தியம்மா பாட்டுக்குச் சமையல் வீடியோ பாத்துக்கிட்டு இருந்தாவ. நடுவுல இந்தப் பொய்யக் கொண்டாந்து காட்டியிருக்கான். அவிய கேட்டாவளா?"

இதற்கு என்ன பதில்? ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வருகிறேன். ஹெல்மெட்டை மட்டும் ஸ்டாண்டில் விடவில்லை, மடியில் இருக்கிறது.

சட்டம் தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். கமெண்டில் சண்டை வந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.