நானோ பாடத்துக்குக் கழுவிய தாமரை இலைகள்

செஞ்சியிலேயே நானோ தொழில்நுட்பம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எங்கள் தலைமையாசிரியர் வருகிற போகிற அதிகாரிகளிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். பெருமைக்குச் சொன்னாரா, வேலையை என் தலையில் கட்டச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சென்னையில் ஐந்து நாள் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது மற்ற அறிவியல் ஆசிரியர்களுக்கெல்லாம் ஏதோ ஒன்று வந்துவிட்டது. ஒருவருக்குப் பிள்ளையின் பரீட்சை, இன்னொருவருக்கு மாமியாரின் கண் ஆப்பரேஷன். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஐம்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, கடைத்தெருவில் ஒரு மளிகைக்காரர் வீட்டு மாடியில் குடியிருப்பு. "டீச்சருக்கு இன்னா, புள்ளையா குட்டியா" என்று என் காதுபடவே பேசி, என் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்கள். போங்கள் என்று நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பயிற்சி எனக்குப் பிடித்துப்போனது. அதை ஒளிப்பானேன்? ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாகப் போட்டால் அதில் ஒரு கூறுதான் நானோமீட்டர். அவ்வளவு சிறிதாகப் போனால் பொருளின் குணமே மாறிவிடுகிறது, தங்கம் சிவப்பாகிவிடுகிறது என்று அங்கே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் காட்டினார்கள். முப்பது வருடமாக வேதியியல் நடத்துகிறவள் நான், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஐந்தாம் நாள் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது தலை கொள்ளாமல் விஷயம் இருந்தது. மறுநாள் ஆசிரியர் அறையில், "ரூம் ஏசியா மேடம்? சாப்பாடு எப்டி?" என்று கேட்டார்கள். சாப்பாட்டைப் பற்றிச் சொன்னேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

எனக்கு இரண்டு வேலை கொடுத்திருந்தார்கள். நம் ஒன்றியத்து அறிவியல் ஆசிரியர்களுக்கு நானே கருத்தாளராக நின்று ஒருநாள் பயிற்சி தர வேண்டும். அதற்குத் தமிழில் ஒரு கையேடும் எழுத வேண்டும். சென்னையில் கொடுத்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கருவிகளின் படம். அதில் ஒன்றைக்கூட நானும் என் மாணவர்களும் இந்த ஜென்மத்தில் தொடப்போவதில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது பள்ளிக்கே தெரியும். அந்தப் புத்தகத்தை பெஞ்சின் மேல் வீசிவிட்டு, கையில் கிடைக்கும் பொருளை வைத்தே நடத்திக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

அப்படி ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து பாடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் அந்த அக்கா உள்ளே வந்தார். எங்கள் பள்ளியின் தூய்மைப் பணியாளர். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருவார், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கடைசி மணி அடித்தபின் வகுப்பெல்லாம் பெருக்கி, கடைசியாக ஆய்வகத்தைப் பெருக்கிப் பூட்டிவிட்டுப் போவது அவர் வழக்கம். நான் எழுந்திருக்கவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு, எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இன்னா டீச்சர், தனியாப் பேசிக்கினு இருக்கீங்க? சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்றார்.

சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அவ்ளோ சின்னத எவன் கண்ணால பாத்தான்?" என்றார். பதில் சொன்னேன். "சரி, சின்னதாக்குனா கொணம் ஏன் டீச்சர் மாறணும்? என்னய துண்டு துண்டா வெட்டுனாலும் நான் நானாதான இருப்பேன்?" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பரப்பு அதிகமாகும், வெளியில் தெரிகிற பக்கம் அதிகமாகும் என்று கரும்பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து காட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார். "ஓ! மல்லாட்டய முழுசா வறுத்தா மெதுவா வேவுது, நொறுக்கிப் போட்டா சட்டுனு தீஞ்சிப்போவுது. அதானே?" என்றார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. அடேயப்பா! சென்னையில் ஐந்து நாளும் ஒருத்தர்கூட எனக்கு இவ்வளவு லேசாகச் சொல்லவில்லை. கையேட்டில் அதையே முதல் செயல்பாடாக எழுதினேன்.

அதற்குப்பின் தினமும் நாலரை மணிக்கு மனசு அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். என்னிடம் கேள்வி கேட்க ஒரு ஆள் இருந்தது என் வாழ்க்கையில் ரொம்ப நாளுக்குப் பிறகு. மாணவர்கள் மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள், பெங்களூரில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை போனில் உடம்பு எப்படி என்று கேட்பான். இந்த அக்கா தனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கேட்டார். அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் நான் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்றால் பொய்யில்லை.

பயிற்சியில் முக்கியமான செயல்பாடு தாமரை இலை. இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத முண்டும் முடிச்சும், அவற்றின் மேல் அதைவிடச் சிறிய மெழுகுத் துகள்களும் இருக்கின்றன. தண்ணீர் அந்த முனைகளின் மேலேயே நின்று, முத்தாகத் திரண்டு, தூசியை வாரிக்கொண்டு உருண்டு ஓடுகிறது. இயற்கையே செய்து வைத்த நானோ. "எங்க ஊருப் பக்கம் கொளத்துல இருக்குது, நான் கொண்டாரேன் டீச்சர், நீங்க டென்ஷன் ஆவாதீங்க" என்றார் அக்கா.

பயிற்சி நாள் சனிக்கிழமை. ஒன்றியத்திலிருந்து நாற்பது ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி. மேசையில் எவர்சில்வர் தட்டு, அதில் பச்சைப் பசேலென்று பளபளக்கும் தாமரை இலைகள். மனம் குளிர்ந்துபோனது. "இப்போது பாருங்கள்" என்று சொல்லி, ஒரு இலையின் மேல் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டேன்.

தண்ணீர் பரவியது. சிமெண்டுத் தரையில் கொட்டியதுபோல அது பாட்டுக்குப் பரவி, இலை முழுக்க நனைந்தது. இன்னொரு இலையை எடுத்தேன். அதுவும் அப்படியே. பின்வரிசையிலிருந்து ஒருவர், "மேடம், அது வாழை இலையா இருக்கப்போவுது, சோத்தப் போடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார்.

வாசலில் அக்கா தோளில் துண்டோடு நின்றிருந்தார். முகத்தில் அவ்வளவு ஆசை, தான் கேட்டுக் கேட்டு வளர்த்த பாடம் அரங்கேறுகிறது அல்லவா. இலையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "ஒரே சேறா இருந்துச்சு டீச்சர். பெரியவங்க கை படுமேன்னு சோப்புத்தூள் போட்டு, நல்லாத் தேச்சி கழுவி, தொடச்சி வெச்சேன்" என்றார். விருந்தாளிக்குப் போடும் இலையைக் கழுவுவதுபோலக் கழுவியிருக்கிறார். எங்கள் ஊரில் அதிகாரி வருகிறார் என்றால் மரத்துக்கே சுண்ணாம்பு அடிப்போம். அவர் செய்ததும் அதேதான். மெழுகெல்லாம் தேய்ந்து போய், மிச்சத்துக்கு சோப்பும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உன்ன எவ கழுவச் சொன்னா?" என்று கத்தினேன். அதுவரை ஒருநாளும் அவரை நீ என்று சொன்னதில்லை. "ஒண்ணும் தெரியலன்னா பெருக்குறதோட நிறுத்திக்கணும். உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?"

அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

கோபத்தில் குனிந்தபோதுதான் பார்த்தேன், மேசைக்கு அடியில் பக்கெட்டில் கழுவாத இலை ஒன்று சேற்றோடு கிடந்தது. அதை எடுத்துத் தண்ணீர் விட்டேன். சொட்டுகள் மணிமணியாகத் திரண்டு, சேற்றை வாரிக்கொண்டு ஓடின. கழுவிய இலை சொதசொதவென்று நனைந்தும், கழுவாத இலை காய்ந்து சுத்தமாகவும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நாற்பது பேரும் எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். செல்போனில் படம் எடுத்தார்கள். மெழுகைத் தேய்த்து எடுத்தால் குணம் போய்விடுகிறது என்பதை இதைவிட யாரும் காட்ட முடியாது. அதிகாரி கைதட்டினார். "பிரமாதம் மேடம். திட்டம் போட்டுத்தானே இப்படிச் செஞ்சீங்க? அந்தம்மாவத் திட்டுனதுகூட நடிப்புதானே?" என்றார்.

நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன். வராந்தாவில் நின்றவருக்கு அந்தக் கைதட்டலும் கேட்டது, அந்தக் கேள்வியும் கேட்டது.

என் அம்மா கடலைக் காட்டில் களை எடுத்து என்னைப் படிக்கவைத்தவர். ஒருநாள், கூலிக்கு ஆள் வைத்த நிலக்காரர், நான் பக்கத்தில் நிற்கும்போதே, "வாய மூடிக்கினு வேலயப் பாரு" என்று அம்மாவை ஒரு அதட்டுப் போட்டார். அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அப்படிப்பட்ட நான்தான் நாற்பது பேர் நடுவில் அதே வேலையைச் செய்தேன். வெட்கக்கேடு என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை நாலரை மணிக்கு அக்கா வந்தார். "மேடம், கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா, பெருக்கணும்" என்றார். எழுந்து நின்றேன். பெருக்கினார். "அக்கா, அன்னைக்கு ஏதோ கோவத்துல..." என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் விடுங்க மேடம், நான் ஒண்ணும் நெனைக்கல" என்றார். நினைக்கவில்லை என்று சொல்பவரிடம் மேற்கொண்டு எப்படிப் பேசுவது? இன்னொரு நாள், அந்தக் கைதட்டல் எனக்கு வர வேண்டியதே இல்லை, நீங்கள் கழுவியதால்தான் பாடமே வந்தது, அதை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். எழுதித்தான் கொடுத்திருந்தேன். பதில் வரவில்லை, அது வேறு கதை. "அப்டிங்களா மேடம். நல்லது" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். மரியாதையாகப் பேசியே என்னைக் கொன்றார்.

கையேடு அச்சாகி வந்தது. மல்லாட்டையும் இருந்தது, சோப்புத்தூளும் இருந்தது. "சோப்பால் தேய்த்துக் கழுவிய இலை, கழுவாத இலை: ஒப்பிடுக." பள்ளி பள்ளியாக நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதைக் கொண்டாட மாடியில் நானும் மின்விசிறியும்தான் இருந்தோம்.

பிறகு, அதே செயல்பாட்டைக் காணொளியாக எடுத்து அனுப்பச் சொல்லிச் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எல்லா ஆசிரியர்களுக்கும் பயிற்சிக்குப் போட்டுக் காட்டுவார்களாம். செல்போனை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஆய்வகத்தில் தனியாக நின்று பேசிப் பார்த்தேன். மூன்று முறை முயன்றும் வரவில்லை. வகுப்பறையில் இருக்கும் பழக்கம், எதிரில் ஒரு முகம் வேண்டும். வெட்கத்தை விட்டு அக்காவிடம் கேட்டேன், வந்து எதிரில் உட்கார முடியுமா என்று. இலையும் வேண்டும் என்றேன்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். பக்கெட்டை மேசையின் மேல் வைத்து, "கழுவல மேடம். நான் ஒண்ணும் தொடல, அப்டியே இருக்குது" என்றார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பேச்சு தங்குதடையில்லாமல் வந்தது. நானோமீட்டர் எவ்வளவு சிறியது என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே போனேன். சிறிதானால் குணம் மாறும் என்று சொல்லிவிட்டு மறுபடி நிறுத்தினேன். தலையை மட்டும் ஆட்டினார். முண்டும் முடிச்சும் என்றபோது நிறுத்தினேன். சோப்பு மெழுகை என்ன செய்கிறது என்றபோது ரொம்ப நேரமே நிறுத்தினேன். ஏதாவது கேளுங்கள் அக்கா, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் ரொம்ப ஒழுங்காக, கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் எழுந்து, "ஆயிடுச்சிங்களா மேடம்? பூட்டிடலாமா?" என்றார்.

காணொளியை அனுப்பிய நாலாம் நாள், அதை வெட்டி ஒட்டிச் சீர்செய்கிற இளைஞர் சென்னையிலிருந்து போன் செய்தார். "ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா நாலு எடத்துல நீங்க பேசாம யாரையோ பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. போன்ல ஏதாச்சும் பிரச்சினையா? அத மட்டும் கட் பண்ணிடவா?"

"ஆமாம், போன்ல ஏதோ பிரச்சினைதான். கட் பண்ணிடுங்க" என்றேன்.

இப்போது அந்தப் பாடம் பதினொரு நிமிடம் ஓடுகிறது. அதில் நான் ஒரு இடத்திலும் நிற்காமல் பேசிக்கொண்டே போகிறேன்.