கண்ணகி எழுதிய முடிவுரை

கண்ணகி பதினான்கு வருடமாக அடுத்தவர்களின் தீசிஸ்களை டைப் அடித்துக்கொண்டிருந்தாள். நெய்வேலி மெயின் பஜாரில் பரமசிவத்தின் ஜெராக்ஸ் கடையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது கம்ப்யூட்டர் அவளுடையது. எம்.ஃபில்., பிஎச்.டி. எல்லாம் சேர்த்தால் அறுபதுக்கு மேல் வரும். இடது பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும், நூற்பட்டியலில் ஆசிரியரின் கடைசிப் பெயர் முதலில் வர வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பெரிய படிப்பாளிகளே அவளெதிரே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, "இப்படிப் போட்டா ஒத்துக்குவாங்களாக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் மட்டும் அவளுக்குத் தெரியாது. கண்ணில் பட்டது நேரே விரலுக்குப் போய்விடும். நடுவில் மண்டை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. நல்ல டைப்பிஸ்ட் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது பரமசிவத்தின் கட்சி. படித்துக்கொண்டே அடித்தால் வேகம் குறைந்துவிடுமாம்.

இன்னொரு வேலையும் அவள் செய்ததுண்டு. அதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. 2011இல் குமரவேல் என்பவர் நெசவாளர்களைப் பற்றிய தன் பிஎச்.டி.யைக் கொண்டுவந்தார். அவளைவிட நாலைந்து வயது இளையவர். கையெழுத்தில் இருந்த ஐந்து அத்தியாயத்தையும் அவள் அடித்து முடித்தபோது சமர்ப்பிக்க ஒரு நாள்தான் பாக்கி. முடிவுரை இல்லை. "மத்த தீசிஸ்ல எப்படி இருக்குமோ அப்படியே ஒண்ணு போட்டுடுங்கக்கா" என்றார். அவளும் போட்டுக் கொடுத்தாள். அத்தனை தீசிஸ் அடித்த கைக்கு ஒரு முடிவுரை பெரிய காரியமா என்ன? அவருக்கு மட்டுமல்ல, அதேபோல ஏழெட்டுப் பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

இப்படியே காலம் போயிருக்கலாம். ஆனால் அவளுக்கும் ஆசை வந்தது. அஞ்சல் வழியில், தமிழில், எம்.ஏ. சமூகவியல் முடித்தாள். எம்.ஃபில். இருந்தால் கெஸ்ட் லெக்சரர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேள்விப்பட்டு, 2015இல் பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாகச் சேர்ந்தாள். கைடாக ஒதுக்கப்பட்டவர் குமரவேல். உதவிப் பேராசிரியராகியிருந்தார். கடையில் அக்கா என்று கூப்பிட்டவரை அவள் இங்கே சார் என்று கூப்பிட வேண்டியிருந்தது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு இடத்திலிருந்து வந்தது.

முதல் வாரம் இருபத்திரண்டு பக்க ஆங்கிலக் கட்டுரை ஒன்றைக் கொடுத்துப் படித்து வரச் சொன்னார். கண்ணகி உட்கார்ந்தாள். மூன்று பக்கம் ஓடிவிட்டது, மனதில் ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தால் விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருக்கின்றன! சரி, இதுதான் நமக்கு வந்த வழி என்று கடையில் உட்கார்ந்து இருபத்திரண்டு பக்கத்தையும் டைப் அடித்தாள். ஒரு பிழை இல்லை. ஒரு வரியும் விளங்கவில்லை. அன்றைக்கு பாத்ரூமுக்குப் போய் அழுதாள்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். ஒரு வாக்கியம் படிப்பாள். படித்ததைத் தமிழில் வாய்விட்டுச் சொல்வாள். சொல்ல வராவிட்டால் அடுத்த வாக்கியத்துக்குப் போகக் கூடாது. கணவன் சக்கரபாணி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். முதல் ஷிஃப்ட் முடித்து வந்து சாப்பிடும்போது அவன் காதில்தான் இவ்வளவும் விழும்.

"என்னா இது, கையக் கட்டிப் போட்ட மாதிரி குந்திகினு தானா பேசிகினு இருக்க?" என்பான் அவன்.

"படிக்கிறேன்."

"இத்தன நாளு கடையில படிச்சிகினுதான இருந்த?"

"இல்ல. அடிச்சிகினு இருந்தேன்."

நாளுக்கு ஒரு பக்கம் தேறினால் அதிகம். முதல் கட்டுரைக்கு ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. இரண்டாவது இரண்டு வாரத்தில் முடிந்தது. நாலாவதில், எழுதியவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்று தோன்றியது. ஆங்கிலத்தில் அச்சான ஒன்றைப் பார்த்து அப்படித் தோன்றியதே அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில் வீட்டு வேலை செய்யும் பெண்கள்தான் அவளுடைய தலைப்பு. பிளாக் பிளாக்காக நடந்து நாற்பது பேரைப் பார்த்து ஃபார்ம் நிரப்பினாள். அவளுடைய அம்மா மாணிக்கம்மாளும் அந்த வேலை செய்தவள்தான் என்று தெரிந்ததும் அவர்கள் தயங்காமல் பேசினார்கள். அத்தியாயங்களை ஆங்கிலத்தில் எழுதுவது மட்டும் பிரசவ வேதனையாக இருந்தது. டிக்‌ஷனரியைப் புரட்டிப் புரட்டி நாளுக்கு பத்து வரி.

ஆனால் முடிவுரைக்கு வந்தாளே பார்க்கலாம். ஒரே மத்தியானத்தில் எட்டுப் பக்கம் தங்குதடையில்லாமல் வந்து விழுந்தது. நமக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். சந்தோஷம் தாங்காமல் அரைக் கிலோ காராசேவ் வாங்கிக் கடையில் எல்லோருக்கும் கொடுத்தாள்.

அது 2017 ஜூன். முப்பதாம் தேதிக்குள் சமர்ப்பித்தால்தான் அந்த வருடம் லெக்சரர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். அதற்கு முன், எங்கிருந்தாவது எடுத்து எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கும் சாஃப்ட்வேரில் தீசிஸைப் போட வேண்டும். இருபது சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கண்ணகிக்கு இருபத்தைந்து வந்தது.

குமரவேல் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ரிப்போர்ட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். முடிவுரை முழுக்க ஒரே சிவப்பு. இருபத்தைந்தில் பத்து ஒரே இடத்திலிருந்து வந்தது. அந்த இடத்தின் பெயரைப் படித்தாள். குமரவேலின் பிஎச்.டி.

"யார் எழுதுனதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார் அவர் மெதுவாக. "வெளிய போனா ரெண்டு பேருக்கும் சங்கடம். இந்த ஒரு சோர்ஸ மட்டும் கணக்குல சேக்காம எக்ஸ்க்ளூட் பண்ணிடலாம். ஒரு கிளிக்தான். பதினஞ்சுக்கு வந்துடும். நாளைக்கே சப்மிட் பண்ணிடலாம்."

கண்ணகி ரிப்போர்ட்டை இன்னும் அருகில் இழுத்தாள். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, தன் முடிவுரையை முதல்முறையாகப் படித்தாள். இவர்களின் நிலை பல காரணிகளால் பாதிக்கப்படுகிறது. இத்துறையில் மேலும் ஆய்வுகள் தேவை. அரசு தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். எட்டுப் பக்கமும் இப்படியே போயிற்று. அவர் தீசிஸில் நெசவாளர் இருந்த இடத்தில் இவள் தீசிஸில் பெண்கள் இருந்தார்கள். வேறு வித்தியாசமில்லை. பார்த்துப் பேசிய நாற்பது பேரில் ஒருத்திகூட அதில் இல்லை.

"சார், உங்க முடிவுரைய நீங்க அப்ப படிச்சீங்களா?"

குமரவேல் பொய் சொல்லவில்லை. "எங்கக்கா படிச்சேன்? காலையிலயே பைண்டிங்குக்குப் போயிடுச்சே."

"வைவால யாராவது அதுல ஏதாவது கேட்டாங்களா?"

"இல்ல."

"எழுதுன நானே படிக்கல சார்" என்றாள் கண்ணகி. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவர்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்த கோபமெல்லாம் அந்தக் காராசேவ் மேல்தான் வந்தது. "எக்ஸ்க்ளூட் வாணாம். நான் வேற எழுதி எடுத்தாறேன்."

"தேதி போயிடும்."

"போகட்டும் சார்."

வீட்டில் சக்கரபாணி தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு கிளிக்குல முடிஞ்சி போறத வாணான்னுட்டு வந்து குந்திகினு இருக்கியே, உனக்கு கிறுக்கா புடிச்சிருக்கு?" அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வேலை கிடைத்தால் கான்ட்ராக்ட் சம்பளத்தோடு இன்னொன்றும் சேரும். கண்ணகிக்கும் அது தெரியாமல் இல்லை. ஜூன் முப்பது வந்தது, போனது. அன்றைக்கு அவள் கடையில் யாரோ ஒருவரின் நூற்பட்டியலை அடித்துக்கொண்டிருந்தாள்.

புதிய முடிவுரை எழுத ஐந்து வாரம் பிடித்தது. நாற்பது ஃபார்மையும் எதிரில் வைத்துக்கொண்டு, முதலில் பேனாவால்தான் எழுதினாள், விரலை நம்பவில்லை. நான்கு பக்கம் வந்தது. எல்லாம் குட்டிக் குட்டி வாக்கியங்கள். நாற்பதில் முப்பத்தொரு பேரிடம் அவர்கள் வேலை செய்யும் வீட்டின் சாவி இருக்கிறது. அந்த வீட்டில் யார் எப்போது வருவார்கள், யாருக்கு என்ன மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியும். அந்த முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேருடைய ஊர் எது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்படியே போனது. படிப்பாளி எழுதின இங்கிலீஷ் மாதிரி இல்லைதான். அதை மட்டும் சாஃப்ட்வேரில் போட்டபோது நாலு சதவீதம் காட்டியது.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அதைக் குமரவேலிடம் கொடுத்தாள். அவர் பேனாவைத் திறந்துகொண்டு படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கத்தில் இரண்டு இடத்தில் திருத்தினார். இரண்டாவது பக்கத்தில் பேனா நின்றுவிட்டது.

"முப்பத்தொரு பேரா?" என்றார். "இது நிஜமா?"

"ஆமா சார்."

"எங்க வூட்டுச் சாவிகூட வேலை செய்றவங்ககிட்டதான் இருக்கு" என்றார். அந்த அம்மா எந்த ஊர் என்று கண்ணகி கேட்கவில்லை. பையிலிருந்து நாற்பது ஃபார்மையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எல்லாம் இதுல இருக்கு சார். பாருங்க."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முதல் ஃபார்மை எடுத்தார். பிறகு இரண்டாவதை எடுத்தார். அவள் வீடு திரும்ப வேண்டிய மூன்று மணி வடலூர் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போயிற்று. கண்ணகி அவரை அவசரப்படுத்தவில்லை. படிக்க எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும்.