தையல் கடையில் தினம் மூன்று அதிகாரம்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்தின் கடைசி ஞாயிறு ஆராதனை முடியும் நேரத்தில் போதகர் மேடையை விட்டு இறங்கி வந்து, "இந்த வருஷம் வேதாகமத்த முழுசா வாசிச்சு முடிச்சவங்க எழுந்து நில்லுங்க" என்பார். நிற்பவர்களைச் சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும், கைதட்டும். ஆளுக்கு ஓர் எவர்சில்வர் தட்டு கிடைக்கும். தட்டு கிடக்கட்டும், திருத்தணி பாத்திரக் கடையில் இல்லாத தட்டா! எழுந்து நிற்பதுதான் விஷயம். என் நாத்தனார் பதினோரு வருடமாக விடாமல் நிற்கிறாள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். எழும்போது புடவை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு, குனிந்து என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையை மட்டும் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கணக்கென்னவோ சுலபம்தான். வார நாளில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. வருடம் முடியும்போது புத்தகமும் முடியும். ஜனவரி முதல் தேதி ஓர் அட்டை கொடுப்பார்கள். வாசித்த அதிகாரத்துக்கு நேரே டிக் போட வேண்டும். நான் ஆரம்ப சூரப்புலி. மூன்று வாரம் டிக் பறக்கும். வெள்ளம் வரும், வடியும், அண்ணன்கள் தம்பியைக் குழியில் தள்ளுவார்கள், கடல் பிளக்கும். கடலைத் தாண்டி வனாந்தரத்தில் சாமிக்குக் கூடாரம் போடுகிற இடம் வந்ததும் எனக்குக் கண் சொருகும். இத்தனை முழம் நீளம், இத்தனை முழம் அகலம் என்று பக்கம் பக்கமாகப் போகும். விடிகாலையில் கணவரை மெட்ராஸ் ரயிலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்கிற எனக்கு நாலாவது முழத்திலேயே குறட்டை வந்துவிடும். அத்தோடு அந்த வருடம் முடிந்தது. பன்னிரண்டு வருடமாக இதே கதைதான்.

ஒரு வருடம் பொய்யாகவே நின்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாத்தனாரின் பார்வை தாங்காமல், டிசம்பர் கடைசியில் உட்கார்ந்து வாசிக்காத கட்டங்களுக்கெல்லாம் ஒரே பேனாவில் மளமளவென்று டிக் போட்டேன். எழுந்து நின்றேன், கைதட்டு வாங்கினேன். அன்றைக்கு மத்தியானம் பிரியாணி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இனி நின்றால் நிஜமாக வாசித்துவிட்டுத்தான் நிற்பது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

எனக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பிளவுஸ் கடை. இரண்டு மெஷின், ஒரு கட்டிங் மேஜை. மூன்று வருடம் முன்பு, பொங்கல் தையல் ஓய்ந்த பிறகு, கைவேலைக்கு ஒருத்தியைச் சேர்த்தேன். ஹெம்மிங் போடுவது, கொக்கி கட்டுவது, முதுகில் கட்டும் கயிற்றுக்குக் குஞ்சம் தைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஆர்.கே.பேட்டைப் பக்கத்து நெசவுக் குடும்பம். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். தினமும் டவுன் பஸ்ஸில் வருவாள். என்னைவிட மூன்று வயது சின்னவள், நெற்றி நிறையக் குங்குமம், கிருத்திகை தவறாமல் மலையேறுகிறவள். பிறந்தது ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். பஸ்ஸில் எழுதியிருக்கும் தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் பஸ் போய்விடும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

விடிகாலைத் தூக்கத்தை ஜெயிக்க முடியாமல், அந்த வருடம் வேதாகமத்தைக் கடைக்கே கொண்டுவந்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் மெஷினுக்கு ஓய்வு. அவள் வேலைக்கு வந்த இரண்டாம் நாள், நான் சரியாக அந்தக் கூடாரத்தின் முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றேன்.

"இன்னாக்கா, வாய்க்குள்ளயே முணுமுணுன்னு படிச்சிகினு இருக்க? சத்தமா படி, எனக்கும் பொழுது போவும்" என்றாள்.

"இது உனக்குப் புடிக்காது. துணி அளவு."

"துணி அளவுன்னா நமக்குப் புடிக்காதா? நல்லா சொன்ன போ!"

சத்தமாக வாசித்தேன். நீல நூல், இரத்தாம்பர நூல், சிவப்பு நூல், திரித்த மெல்லிய பஞ்சு நூல். பத்துத் திரைகள். ஒரு திரையின் ஓரத்தில் ஐம்பது காது, எதிர்த்திரையில் ஐம்பது காது, இரண்டையும் சேர்த்து மாட்ட ஐம்பது பொன் கொக்கி.

அவள் கை நின்றுவிட்டது. அந்த நிமிடம் அவள் மடியிலும் ஒரு பிளவுஸ், கையிலும் ஒரு கொக்கி.

"கொக்கி இத்தினின்னு கூட எழுதி வெச்சிருக்காங்களா? இரத்தாம்பரம்னா இன்னா கலருக்கா?"

"ஊதா மாதிரி."

"ஊதாவும் செவப்பும் நீலமும் பக்கத்துல பக்கத்துலயா? எங்க நைனா அந்த மாதிரி பார்டர் போட்டிருக்காரு. புடவை கண்ணு பறிக்கும். ஆங், மேல படி."

மறுநாள், கூடாரத்தில் பூசை செய்கிற ஆசாரியரின் அங்கி வந்தது. தலை நுழைகிற கழுத்துத் துவாரம் கிழியாமலிருக்க, சுற்றிலும் நெய்த பட்டி வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தது. நான் பைப்பிங் பிளவுஸ் தைத்தே பேர் வாங்கியவள். பன்னிரண்டு வருடம் என் சொந்தத் தொழிலை என் கண்ணெதிரே விரித்து வைத்திருக்கிறார்கள், நான் அதன்மேல் தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன்! எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஒரு புத்தகம் இவ்வளவு நெருக்கமாக என்னோடு பேசும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதிலிருந்து மத்தியானம் ஒரு மணி நேரம் எங்களுடையதாகிவிட்டது. நான் வாசிப்பேன், அவள் ஹெம்மிங் போட்டுக்கொண்டே கேட்பாள். ஒவ்வொரு அதிகாரமும் முடிந்ததும் "அப்புறம்?" என்பாள். ராஜா ஒருவன் கெட்ட காரியம் செய்தால் ஊசியை ஓங்கிக்கொண்டு திட்டுவாள். அடுத்தவர் வயலில் சிந்திய கதிர் பொறுக்கப் போன விதவை மருமகள் கதைக்கு மூக்கை உறிஞ்சினாள். அன்றைக்கு ஒரு கல்யாண பிளவுஸில் கொக்கி இடம் மாறிப்போய், பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

விஷயம் நாத்தனார் காதுக்குப் போனது. "அவங்க எப்போ ஞானஸ்நானம் எடுக்கப் போறாங்களாம்?" என்று கேட்டாள்.

"அவ கேக்குறா, நான் படிக்கிறேன். நடுவுல உனக்கு இன்னா?" என்றேன். எனக்குக் கோபம் மூக்கின்மேல். அப்படிப் பேசியிருக்க வேண்டாம்தான், ஆனால் இப்போதும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

வெயில் காலத்தில் பெயர்ப் பட்டியல்கள் வந்தன. இன்னாருக்கு இன்னார் பிள்ளை, அவருக்கு இன்னார் பிள்ளை என்று பக்கக் கணக்காகப் பெயர்கள், பல் உடைகிற மாதிரி. நான் நைசாக நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினேன். காகிதச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாக்கா, தள்ளிகினு போற?"

"வெறும் பேருதான். ஒண்ணும் இல்ல."

"வெறும் பேரா? டிசம்பர் முப்பத்தொண்ணுக்கு மலையில படித் திருவிழா பண்றோமே. முந்நூத்தி அறுபத்தஞ்சு படியிலயும் நின்னு, மஞ்சா குங்குமம் வெச்சி, சூடம் ஏத்தி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாட்டு பாடிகினுதான் மேல போறோம். கால் நோவுதுன்னு பத்தைத் தாண்டிப் போனா சாமி ஒத்துக்குமா? நீ படி."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். பக்கங்களைத் திரும்பப் புரட்டி ஒவ்வொரு பெயராக வாசித்தேன். இதையெல்லாம் நாத்தனார் வாசித்திருப்பாளா என்று ஒரு கெட்ட எண்ணம் வந்தது. நல்ல எண்ணமும் ஒன்று வந்தது. இந்தப் பெயரை இன்றைக்கு உலகத்தில் வேறு யாராவது உரக்கச் சொல்லியிருப்பார்களா என்று நினைத்தேன். எந்த ஊர்க்காரரோ, திருத்தணியில் ஒரு தையல் கடையில் அவர் பெயர் கேட்டது.

ஆடிக் கிருத்திகைக்கு ஊரே மஞ்சளாகிவிடும். காவடிக் கூட்டத்தில் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், அவளால் கடைக்கு வர முடியவில்லை. பிறகு ஆவணி முகூர்த்தம், தீபாவளி என்று தையல் குவிந்தது. இரண்டு வாரம் பின்தங்கிவிட்டோம். ஆனாலும் நவம்பர் கடைசிக்குள் புத்தகத்தின் கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டோம். எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. இந்த வருடம் நிஜமாகவே நிற்கப் போகிறேன். எந்தப் புடவை கட்டுவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் நகரியில் கட்டிக்கொடுத்திருந்த அவள் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாகப் போன் வந்தது, சொன்ன நாளுக்கு முன்பே. நாங்கள் கப்பலில் இருந்தோம். கைதியாகப் போகும் அப்போஸ்தலர், சுழற்காற்று, பல நாளாகச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, சாமான்களைக் கடலில் எறிகிறார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"அக்கா, நான் வர்ற வரைக்கும் கப்பல கரை சேத்துடாத."

"ஆங், சேக்கல. நீ போய் பொண்ண பாரு."

பேரன் பிறந்தான். மகளுக்கு உடம்பு தேற நாளாகும், பொங்கலுக்குப் பிறகுதான் வருவேன் என்று போனில் சொன்னாள். மிச்சமிருந்தது நூற்றைம்பது அதிகாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தினம் ஐந்து வாசித்தால் கடைசி ஞாயிறுக்குள் முடித்துவிடலாம். அவளுக்குத் தெரியவா போகிறது? வந்த பிறகு இன்னொரு தடவை அவளுக்காக வாசித்தால் போயிற்று என்று நியாயமும் கண்டுபிடித்தேன்.

டிசம்பர் இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம் புத்தகத்தைத் திறந்து, கப்பல் பக்கத்தில் விரலை வைத்தேன். கண் வரிகளின்மேல் ஓடியது. எங்கே முடியும், இன்னும் எத்தனை பக்கம் என்றுதான் மனசு பார்த்தது. அரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். டிக் போடுவதற்காக ஓடி ஓடி வாசித்து, வாக்குக் கொடுத்தவளையும் ஏமாற்றிவிட்டு எழுந்து நின்றால், அன்றைக்குப் பொய்யாக நின்றதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? அந்த ஒரு மணி நேரத்தை விடவும் மனமில்லை. தினம் மூன்று அதிகாரமாகப் முன்பே முடித்திருந்த சங்கீதப் பாடல்களை உரக்க வாசித்தேன், காலி ஸ்டூலுக்கு எதிரில் உட்கார்ந்து. பிளவுஸ் வாங்க வந்த ஒரு அம்மா, யாரோடு பேசுகிறேன் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசி ஞாயிறு வந்தது. எடுத்து வைத்த புடவையைத்தான் கட்டிக்கொண்டேன், அதுவாவது மிஞ்சட்டும் என்று. போதகர் கேட்டார். நாத்தனார் மடிப்பை நீவிக்கொண்டு எழுந்தாள், குனிந்து பார்த்தாள். உட்கார்ந்தே இருந்தேன். கைதட்டு கேட்டபோது எனக்கும் எழுந்து நிற்கத்தான் ஆசை, பொய் சொல்ல மாட்டேன். அழுகை வருமோ என்று பயந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

வெளியே வரும்போது போதகர் வாசலில் நிறுத்தினார். "இந்த வருஷம் முடிச்சிடுவீங்கன்னு நெனச்சேம்மா. எங்க நிக்கிறீங்க?"

"கப்பல்லங்க ஐயா. புயல் அடிச்சிகினு இருக்குது. ஒருத்தி வரணும்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கை கொடுத்தார்.

பொங்கல் முடிந்து, பேரன் புராணத்தோடு அவள் வந்தாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "கப்பல் இன்னா ஆச்சு?" என்றாள். வாசித்தேன். கப்பல் உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எல்லாரும் பொழச்சிகினாங்களா?"

"எல்லாரும்."

"அப்பாடா! அங்க புள்ளைக்கு எண்ணெ தேய்க்கும்போது கூட எனக்கு இந்த நெனப்புதான்" என்றாள். ஏழு வாரம் புயலில் நிறுத்தி வைத்ததற்கு அந்த ஒரு வார்த்தை போதும் என்று இருந்தது.

பிறகு கடிதங்கள். "கத இல்லியேக்கா, புத்தி சொல்லிகினே இருக்காரு" என்று குறைப்பட்டுக்கொண்டே கேட்டாள். மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டரை மணிக்கு, கடைசி அதிகாரத்தின் கடைசி வரியை வாசித்தேன். பன்னிரண்டு வருடம் எட்டாத பக்கம். கைதட்ட யாரும் இல்லை, வெளியே பஸ்காரர் சோளிங்கர், சோளிங்கர் என்று கூவிக்கொண்டிருந்தார். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படி நிறைவாக உட்கார்ந்த மத்தியானங்கள் அதிகம் இல்லை.

"முடிஞ்சிடுச்சு" என்றேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எப்பிடி முடிஞ்சிச்சு? நான் வந்தப்போ அவங்க காட்டுல கூடாரம் தெச்சிகினு இருந்தாங்க. யாரு அவங்க? எந்த ஊரு? வீடு வாசல உட்டுட்டு காட்டுக்கு எதுக்கு வந்தாங்க? ஒரு வருஷமா கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன், நீ படிக்கிற வேகத்துல எங்க கேக்க உட்ட? உனக்கு முடிஞ்சிடுச்சி. எனக்கு இன்னும் ஆரம்பமே ஆவல."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தோம். மணி இரண்டே முக்கால்தான் ஆகியிருந்தது, இன்னும் ஓர் அதிகாரத்துக்கு நேரம் இருந்தது.