மருதமுத்து அண்ணனின் வெள்ளைக் கோடுகள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியட் முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தபோது, மருதமுத்து அண்ணனின் மனைவி சரோஜா அண்ணி நான்கு முறை கூப்பிட்டிருந்தது போனில் தெரிந்தது. திருப்பிக் கூப்பிட்டேன். "அவரு போயிட்டாருங்க சார். காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார்கள். அழுகைக்கு முன்னால் எனக்கு வெட்கம்தான் வந்தது. அண்ணனோடு நான் பேசி ஆறு மாதமாகியிருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மருதமுத்து அண்ணன் முசிறிப் பக்கம் வாழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு பிளாட் வாங்கிக் குடியேறினார். கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டுதான் எங்களைச் சேர்த்து வைத்தது. விளையாட்டு என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "ஓட்டுறோம்னு சொல்லுங்க சார்" என்பார்.

நாங்கள் ஆறு பேர். இரண்டாவது ஞாயிறு பிற்பகல்களில் அவர் வீட்டில் கூடுவோம். விளையாட்டுடன் வரும் வெளிநாட்டுப் பாதைகள் போதாமல், லால்குடியிலிருந்து திருச்சி வரைக்குமான பாதையை அவரே நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து உருவாக்கியிருந்தார். கொள்ளிடம் பாலத்தின் தூண்களைக் கூட நேரில் போய் எண்ணிவிட்டு வந்தவர். அந்தப் பாதையை எங்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தார்.

அவர் கணினியில் மட்டும் ஒரு விநோதம் உண்டு. சிக்னல் விளக்குகளின் மேல் வெள்ளைக் கோடுகளைப் போட்டு வைத்திருந்தார். படுத்த கோடு என்றால் நில், சாய்ந்த கோடு என்றால் மெல்லப் போ, நின்ற கோடு என்றால் போகலாம். "ஏண்ணே இந்தக் கோலம்?" என்று நான் கேலி செய்வேன். "எனக்கு இப்படித்தான் சார் வசதி" என்று சிரித்துக்கொண்டே வாழைப்பழச் சீப்பை எடுத்து, ஒவ்வொரு பழமாக அமுக்கிப் பார்த்து எங்களுக்குக் கொடுப்பார். அந்த அமுக்கலையும் கேலி செய்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு அந்த விளையாட்டு நிறுவனம் சந்தா முறைக்கு மாறியது. இனி யாரும் விலைக்கு வாங்க முடியாது, மாதாமாதம் கட்டினால்தான் வண்டி ஓடும். நாமாக எதையும் சேர்க்கவோ மாற்றவோ வழியில்லை. பழையதை வாங்கி வைத்திருப்பவர்களும் இணையத்தில் இணைத்த மறுநொடி புதியதற்கு மாற்றப்பட்டுவிடுவார்கள். அண்ணன் ஒரேயடியாக மறுத்தார். "சொந்த வீடுன்னா எங்க வேணா ஆணி அடிச்சுக்கலாம். வாடகை வீட்டுல அடிக்க விடுவாங்களா சார்?" என்றார்.

நான் வாதம் செய்யப் பிறந்தவன். "ஆணி அடிக்கிறதுக்காக யாராவது வீடு வாங்குவாங்களாண்ணே?" என்றேன். புதிய வண்டிகளைக் காட்டினேன், தண்டவாளத்தில் மழை விழும் அழகைக் காட்டினேன். அவர் அசையவில்லை. "இத்தனை வருஷம் சம்பளம் வாங்கிட்டு, மாசம் ஒரு டிபன் காசு குடுக்க உங்களுக்கு மனசு வரல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவர் பெயரில் ஓராண்டுச் சந்தாவை நானே கட்டிக்கொண்டு போனேன். பெருந்தன்மை என்று நினைப்பு. என் மடிக்கணினியைத் திறந்து அவரை உட்கார வைத்தேன். மறுக்கத் தெரியாமல் உட்கார்ந்தார். முதல் சிக்னலில் திணறினார். இரண்டாவது சிக்னல் சிவப்பு. நிற்காமல் தாண்டினார். திரை இருண்டு, ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்தது. நாங்கள் ஐந்து பேரும் சிரித்தோம். "கண்ணை எங்கண்ணே வச்சிருக்கீங்க?" என்று கேட்டது நான்தான்.

அவர் மெல்ல எழுந்தார். "எல்லாரும் காபி குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லி அடுப்படிக்குப் போனார். அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடவில்லை. நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

காரியம் எல்லாம் முடிந்த மறுநாள் அண்ணி என்னை வரச் சொன்னார்கள். ஒரு பழைய காகிதத்தை நீட்டினார்கள். ரயில்வேயில் உதவி ஓட்டுநர் வேலைக்கு எழுதிய தேர்வில் அண்ணன் தேறியிருக்கிறார். கண் பரிசோதனையில் நிறம் பிரித்தறிய இயலாதவர் என்று நிராகரித்திருக்கிறார்கள்.

"சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒண்ணுதாங்க. தக்காளி பழமா காயான்னு என்னைத்தான் கேப்பாரு. வெளில சொன்னா சிரிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்தக் கோடு போட்டப்புறம்தான், 'சரோ, நான் டிரைவர் ஆயிட்டேன்'னாரு."

நான் பிள்ளைகளுக்கு ஒளியும் நிறமும் பாடம் நடத்துகிறவன். கோடுகளை நான்கு ஆண்டு பார்த்தேன், பழத்தை அமுக்குவதைப் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை. அவர் கேட்டது சிக்கனம் அல்ல, தன் கண்ணுக்கு ஒரு வழி. அதைக் கஞ்சத்தனம் என்று ஊரறியச் சொன்னவன் நான். மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை.

"உங்க மேல கோவமே இல்லீங்க அவருக்கு. நெட் ஒயரைப் பிடுங்கிட்டுத் தனியா ஓட்டிக்கிட்டுதான் இருந்தாரு. போறதுக்கு முந்தின நாள்கூட ஓட்டினாரு" என்றார்கள் அண்ணி.

கணினியைப் போட்டேன். அவர் கடைசியாக நிறுத்திய இடத்திலிருந்தே திறந்தது. வண்டி கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கத்துக்கு வெளியே நின்றிருந்தது. எதிரே படுத்த கோடு. அண்ணி என் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சற்று நேரத்தில் கோடு நிமிர்ந்தது. நிறத்தைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்த்து வண்டியை எடுத்தேன். மெதுவாக நடைமேடையில் கொண்டு நிறுத்தினேன். எழுந்திருக்கும் முன், இதை யாரும் நெட்டில் இணைக்க வேண்டாம் என்று ஒரு சீட்டெழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன்.

அண்ணே, உங்க கோடு நிமிர்ந்தப்புறம்தான் வண்டியை எடுத்தேன். நம்ம ஊருக்குக் கொண்டு வந்து சேர்த்துட்டேன். போயிட்டு வாங்க.