கோபம் தணிந்த பிறகு எடுத்த ரத்தம்

என் ரத்தத்தை யார் எடுத்தால் உனக்கென்ன? கேட்டுத்தான் தீருவாய் என்றால் குறுக்கே பேசாமல் கேள்.

எண்பதுகளில், மலேசியாவில் ஈப்போ ஆஸ்பத்திரியில், சர்க்கரை நோயால் என் வீட்டுக்காரரின் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். ரத்தக்குழாயின் உள்தோல் சீண்டப்பட்டால் ரத்தத்தில் எதையோ கசியவிடுமாம். அதை வைத்து, கால் அழுகும் முன்பே நோயைப் பிடிக்க முடியுமா என்று அங்கே ஒரு டாக்டரம்மா தேடிக்கொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும் என்றார். நான் கையை நீட்டினேன்.

சேதி கேட்டு, ஜெலாப்பாங்கில் வேலை பார்த்த ஃபேக்டரியிலிருந்து மகன் ஓடி வந்தான்.

"ரத்தம் குடுத்தா அப்பா காலு திரும்ப வருமா? எந்திரிச்சி வாம்மா."

"ஒங்காலாச்சும் நிக்கட்டும்டா," என்று கத்தினேன்.

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார். "இப்ப எடுக்க முடியாதும்மா. கோவப்பட்டாலே ரத்தத்துல அந்தக் கசிவு ஏறிடுது. அதான் இன்னும் அத நம்ப முடியல. கொஞ்ச நேரம் அமைதியா படுங்க."

"அப்ப இவன வெளிய அனுப்புங்க டாக்டர்."

அவன் முறைத்துக்கொண்டே போனான். நான் கண்ணை மூடிப் படுத்தேன். மனசு அடங்கிய பிறகு எடுத்தார்கள்.

சிலிபினில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரிகள் சூழ்ந்துகொண்டார்கள். "என்னக்கா கண்டுபிடிச்சாங்க?"

"இன்னும் தேடுறாங்க லா. திரும்பக் கூப்பிட்டாலும் போவேன், மகன வீட்டுல கட்டிப் போட்டுட்டு."